ஜெரோமின் கழுத்து: ஓர் ஓவியம் முப்பது ஆண்டு காத்திருந்த கதை

வத்திக்கான் ஓவியக்கூடத்தில் முடிக்கப்படாத ஓவியம் ஒன்று இருக்கிறது. வால்நட் மரப்பலகையில் தீட்டியது. ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரம், முக்கால் மீட்டர் அகலம். விவிலியத்தை லத்தீனில் மொழிபெயர்த்த துறவி புனித ஜெரோம், பாலைவனத்தில் தவமிருந்து மண்டியிட்டிருக்கிறார். தன் நெஞ்சிலேயே அடித்துக்கொள்வதற்காக ஒரு கையில் கல்லை ஏந்தி, அந்தக் கையை வெளியே நீட்டியிருக்கிறார். எதிரே ஒரு சிங்கம் படுத்திருக்கிறது. சிங்கத்தின் மேல் வண்ணமே ஏறவில்லை, வெறும் கோடுதான். பின்னால் பாறைகளும் அரைகுறை. ஆனால் ஜெரோமின் தலையையும் கழுத்தையும் தோளையும் பார்த்தால், தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் கை பட்டிருப்பது தெளிவாகத் தெரிகிறது.

லியொனார்டோ டா வின்சி இந்த ஓவியத்தைத் தொடங்கியது 1480 வாக்கில், ஃப்ளோரன்ஸ் நகரில். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. இங்கேதான் ஒரு முடிச்சு விழுகிறது. அந்த வயதில் அவர் மனித உடலை முறையாக அறுத்துப் பார்த்ததற்குச் சான்று இல்லை. அப்படியென்றால் அந்தக் கழுத்தை எப்படி அவ்வளவு சரியாக வரைந்தார்?

அறிவியல் பார்வை ஓர் ஓவியரின் கையை எப்படி மாற்றியது என்பதற்கு நான் கண்டவற்றிலேயே துல்லியமான வழக்கு இதுதான். மோனா லிசாவை விட்டுவிட்டு இதிலிருந்து தொடங்குவதற்கு அதுவே காரணம்.

கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சான்று

கண்ணாடி முன் நின்று தலையை நன்றாக வலப்பக்கம் திருப்புங்கள். கழுத்தின் இடப்பக்கத்தில், காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு மேட்டிலிருந்து கீழே மார்பு வரை ஒரு கயிறு புடைத்து எழும். அதை விரலால் பிடித்துக்கொண்டே கீழே வாருங்கள். அடிப்பகுதியில் அது இரண்டாகப் பிரியும். ஒரு வேர் மார்பெலும்பின் உச்சியிலும், மற்றொன்று காறை எலும்பின் மேலும் ஊன்றியிருக்கும். இரண்டுக்கும் நடுவே விரல்நுனி அமிழும் அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம். மருத்துவர்கள் இதை ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்டு தசை என்பார்கள்.

மெலிந்த உடம்பில் இது நன்றாகத் தெரியும். ஆனாலும், இரண்டு வேர்கள் இருப்பது தெரியாதவர் கண்ணுக்கு அது ஒரே கயிறாகத்தான் படும். லியொனார்டோவுக்கும் அப்படித்தான் பட்டது. 1495 வாக்கில், மிலான் நகரில் இயேசு பன்னிரண்டு சீடரோடு கடைசியாக உண்டதைக் காட்டும் 'இறுதி இராவுணவு' ஓவியத்துக்காக, அவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் தலையை அவர் ஒரு தாளில் வரைந்து பார்த்திருக்கிறார். அந்த வரைவு இன்று இங்கிலாந்தின் விண்ட்ஸர் அரண்மனைத் தொகுப்பில் இருக்கிறது. முறுகித் திரும்பிய கழுத்து. ஆனால் இரண்டு தசைப்பட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது. 1510 வாக்கில் அவர் வரைந்த உடற்கூற்றுத் தாள்களில் இந்தப் பிழை இல்லை.

அரச தொகுப்பின் வரைவுகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவரும் மார்ட்டின் கிளேட்டன் இங்கே ஒரு கேள்வியை எழுப்பினார். 1495இல் கழுத்தைத் தப்பாக வரைந்த ஒருவர், 1480இல் அதைச் சரியாக வரைந்திருக்க முடியுமா? அவர் கண்ட விடை எளியது: ஜெரோமின் கழுத்து 1480இல் தீட்டியதல்ல. மனித உடல்களை அறுத்துப் பார்த்த பிறகு, 1510ஐ ஒட்டிய ஆண்டுகளில், லியொனார்டோ அந்தப் பழைய பலகைக்குத் திரும்பி வந்து கழுத்தைத் திருத்தியிருக்கிறார். பலகையை அகச்சிவப்புக் கதிரில் படமெடுத்தபோதும் இதற்கு வலு சேர்ந்தது. முதலில் போட்ட அடிவரைவில் அந்த இரட்டைத் தசை இல்லை. பிறகு மேலே வந்து சேர்ந்திருக்கிறது.

இது ஊகம்தான், லியொனார்டோ எங்கும் இதை எழுதி வைக்கவில்லை. ஆனால் அவருடைய மற்ற ஓவியங்களின் கதை தெரிந்தவர்களுக்கு இந்த ஊகம் புதிதாகத் தோன்றாது. அவருக்கு ஓவியம் என்பது தான் கற்றுக்கொண்டதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம். கற்பது நின்றால்தான் ஓவியம் முடியும். அவருக்கு அது நிற்கவே இல்லை.

இடைப்பட்ட ஆண்டுகளில் நடந்தது

1489 ஏப்ரல் 2 என்று தேதியிட்டு அவர் மண்டை ஓடுகளை வரையத் தொடங்கினார். ஓட்டைப் பாதியாக அறுத்து, வெட்டிய பாதியையும் வெட்டாத பாதியையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துக் காட்டியிருக்கிறார். கோடுகள் அவ்வளவு அழகு. ஆனால் அவற்றின் மேல் அவர் ஏற்றி வைத்திருந்த கருத்துகள் பழையவை. மூளைக்குள் மூன்று அறைகள் வரிசையாக இருக்கின்றன, ஒன்றில் ஐம்புலன்களும் கூடுகின்றன என்றெல்லாம் இடைக்கால நூல்கள் சொன்னதை அப்படியே நம்பினார். கண் முன்னால் எலும்பு இருந்தும், புத்தகம் சொன்னதைத்தான் எலும்பில் தேடினார்.

ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து அதே கேள்விக்குத் திரும்பியபோது அவர் செய்தது முற்றிலும் வேறு. ஒரு மாட்டின் மூளையை எடுத்து, உள்ளறைகளுக்குள் உருகிய மெழுகைச் செலுத்தி, அது இறுகியதும் மேலிருந்த மூளையை வழித்து எடுத்துவிட்டார். உள்ளறைகளின் வடிவம் மெழுகில் வார்ப்பாகக் கையில் கிடைத்தது. இந்த உத்தி மருத்துவ நூலிலிருந்து வந்ததல்ல. வெண்கலச் சிலை வார்ப்பவர்களின் பட்டறையிலிருந்து வந்தது. இளவயதில் அவர் தொழில் பழகிய ஆந்த்ரேயா வெர்ரோக்கியோ ஓவியர் மட்டுமல்ல, பேர்பெற்ற சிற்பியும்கூட. அறிவியல் ஓவியத்துக்குக் கொடுத்ததைப் பற்றிப் பேசும்போது, பட்டறை அறிவியலுக்குக் கொடுத்த இந்தக் கொடையை யாரும் விட்டுவிடக் கூடாது.

1507-08 குளிர்காலம். ஃப்ளோரன்ஸில் சாந்தா மரியா நுவோவா மருத்துவமனை. அங்கே ஒரு முதியவர் லியொனார்டோவிடம் பேசிக்கொண்டிருந்தார். நூறு வயதைத் தாண்டிவிட்டதாகவும், சோர்வைத் தவிர உடம்புக்கு எந்தக் கோளாறும் இல்லை என்றும் சொன்னார். சில மணி நேரத்தில், கட்டிலில் உட்கார்ந்தபடியே, எந்தத் துடிப்பும் இல்லாமல் உயிர் பிரிந்தது. இவ்வளவு இனிய சாவுக்கு என்ன காரணம் என்று அறிய அவரை அறுத்துப் பார்த்ததாக லியொனார்டோ எழுதியிருக்கிறார். இதயத்துக்கும் கீழ் உறுப்புகளுக்கும் இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் தடித்து, உள்வழி குறுகிக் கிடந்தன. முற்றிய ஆரஞ்சுப் பழத்தில் தோல் தடித்துச் சுளை சுருங்குவதோடு அதை ஒப்பிட்டார். இரத்தக் குழாய்ச் சுவர் தடிப்பைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய விவரிப்புகளில் இது ஒன்று. பிறகு இரண்டு வயதுக் குழந்தை ஒன்றின் உடலையும் அறுத்து, அங்கே எல்லாம் நேர்மாறாக இருந்ததைக் குறித்துவைத்தார்.

சிறிது நேரத்துக்கு முன் தன்னோடு பேசிய மனிதரின் உடல் அது. அந்தக் குறிப்பைப் படிக்கும்போதெல்லாம் அதன் பொறுமைதான் என்னைக் கட்டிப்போடுகிறது.

1510-11 குளிர்காலத்தில் பாவியா பல்கலைக்கழகத்தின் இளம் பேராசிரியர் மார்க்கந்தோனியோ தெல்லா தோர்ரேயோடு சேர்ந்து வேலை செய்தார். அந்தக் காலத்தில் வரைந்த 18 தாள்களில் ஏறத்தாழ 240 வரைவுகளும் 13,000 சொற்களுக்கு மேற்பட்ட குறிப்புகளும் இருக்கின்றன. தோளை ஒரே பக்கத்திலிருந்து காட்டினால் போதாது என்று, கையில் வைத்துச் சுற்றிப் பார்ப்பதுபோல் பல கோணங்களில் அடுத்தடுத்து வரைந்தார். சில தாள்களில் தசைகளை எடுத்துவிட்டு, அவை இழுக்கும் திசையில் வெறும் நூல்களை மட்டும் கட்டிக் காட்டினார். எது எதை இழுக்கிறது என்று இப்போது ஒரே பார்வையில் புரியும்.

உடலைக் கெடாமல் வைக்க அன்று வழி இல்லை. ஓர் உடலில் எல்லாவற்றையும் பார்த்துமுடிப்பதற்குள் அது அழுகிவிடும். ஒன்றில் விட்ட இடத்தை அடுத்ததில் தொடர வேண்டும். தோலுரித்த, துண்டாடிய உடல்களோடு இரவைக் கழிக்க மனம் துணியாமல் போகலாம், வயிறு ஒப்பாமல் போகலாம், இரண்டும் ஒத்துழைத்தாலும் வரையும் கை இல்லாமல் போகலாம் என்று வரப்போகும் வாசகனுக்கு எச்சரிக்கை எழுதினார். முப்பதுக்கும் மேற்பட்ட உடல்களை அறுத்ததாக 1517இல் தன்னைக் காண வந்த விருந்தாளிகளிடம் சொன்னார்.

தெல்லா தோர்ரே 1511இல் கொள்ளைநோயில் இறந்துபோனார். லியொனார்டோ எழுத நினைத்த உடற்கூற்று நூல் வெளிவரவே இல்லை. நவீன உடற்கூற்றியலைத் தொடங்கிவைத்ததாகப் போற்றப்படும் வெசாலியஸின் நூல் 1543இல்தான் வந்தது. லியொனார்டோவின் தாள்கள் அதற்கு முன் அச்சேறியிருந்தால் மருத்துவத்தின் வரலாறே வேறாக இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கோடு மறைந்தது

தசையை அறிந்ததால் கழுத்து சரியானது என்பதோடு கதை நின்றிருந்தால், இது நல்ல கைத்திறன் பற்றிய செய்தி மட்டுமே. அவர் ஓவியத்தின் அடிப்படையை மாற்றியது வேறோர் ஆய்வு: பார்த்தல் எப்படி நடக்கிறது என்ற ஆய்வு.

ஃப்ளோரன்ஸ் ஓவியர்களின் பெருமை அவர்களுடைய கோடுதான். உருவத்தைத் தெளிந்த கோட்டால் சுற்றி வளைத்துவிட்டு உள்ளே வண்ணம் நிரப்புவார்கள். லியொனார்டோ கேட்டார்: இந்தக் கோடு எங்கே இருக்கிறது? ஒரு பொருள் முடியும் இடமும் மற்றொன்று தொடங்கும் இடமும் சந்திக்கும் எல்லைக்குத் தடிமனே கிடையாது. தடிமன் இல்லாததைத் தூரிகையால் எப்படித் தீட்டுவது? கண்ணைப் பற்றி ஆராய்ந்தபோது அடுத்த படிக்குப் போனார். பார்வை ஒரு புள்ளியில் நடப்பதில்லை, கண்மணி விரிந்து சுருங்குகிறது, நேர் நடுவில் விழுவது மட்டுமே தெளிவாகத் தெரிகிறது என்று குறித்துவைத்தார். ஆகவே பொருளின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நமக்குத் தெரிவதே இல்லை.

இதன் விளைவுதான் ஸ்ஃபுமாட்டோ. புகையைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லில் பிறந்தது. ஒளியும் நிழலும் கோடில்லாமல் புகைபோல ஒன்றில் ஒன்று கரைய வேண்டும் என்றார். மோனா லிசாவின் உதட்டோரத்தையும் கண்ணோரத்தையும் பாருங்கள். முகம் எங்கே முடிந்து நிழல் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. 2010இல் ஃபிலிப் வால்ட்டர் தலைமையிலான பிரெஞ்சு ஆய்வாளர்கள், லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள லியொனார்டோவின் முகங்களை எக்ஸ்ரே ஒளிர்வு முறையில், பலகையைத் தொடாமலேயே அளந்தார்கள். ஒவ்வொரு மெல்லிய பூச்சும் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர். எல்லா அடுக்கும் சேர்ந்தாலும் 30-40 மைக்ரோமீட்டர். மனிதத் தலைமுடியைவிட மெலிது. எண்ணெயில் மிகக் குறைவான வண்ணப்பொடி கலந்து, ஒன்று காய்ந்த பிறகு அடுத்தது என்று ஏற்றியிருக்கிறார். ஆண்டுக்கணக்கில் காத்திருக்கத் தெரிந்தவரால் மட்டுமே முடிகிற வேலை.

அந்தப் புன்னகையை அவர் தீட்டத் தொடங்கியது 1503 வாக்கில். மருத்துவமனையில் உடல்களை அறுத்த ஆண்டுகள் அதை அடுத்தே வந்தன. உதட்டை அசைக்கும் தசைகளைப் பற்றி அப்போது அவர் வரைந்த ஒரு தாளின் மேற்பகுதியில், உடற்கூற்று வரைவுகளோடு, மங்கலாக ஒரு புன்னகைக்கும் வாய் இருக்கிறது. அதை மோனா லிசாவின் வாய் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் உதட்டின் நரம்பையும் சிரிப்பையும் ஒரே தாளில் வைத்து யோசித்த கை அது.

நிழலைப் பற்றி அவர் எழுதியவை பக்கம் பக்கமாக நீள்கின்றன. ஒரு முகத்தைத் தீட்ட எது நல்ல ஒளி என்பதற்குக் கட்டட அளவே கொடுத்திருக்கிறார்: 10 பிராச்சியோ அகலம், 20 நீளம், 10 உயரம் உள்ள முற்றம் (பிராச்சியோ என்பது ஏறத்தாழ 58 சென்டிமீட்டர்). சுவர்களுக்குக் கறுப்பு அடிக்க வேண்டும், வெயில் அடித்தால் மேலே லினன் துணி விரிக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தி நேரத்தில், மேகமூட்டமான நாளில் தீட்டலாம். தெருவில் மாலை மங்கும்போது முகங்களில் வரும் மென்மையைக் கவனியுங்கள் என்றும் சொல்கிறார். இன்று புகைப்படக்காரர்கள் வெள்ளைத் துணியையும் குடையையும் வைத்துச் செய்வது அதையேதான்.

அவருடைய ஓவியங்களில் தொலைவு மலைகள் ஏன் நீலமாக இருக்கின்றன என்பதற்கும் அவர் நோட்டில் விடை உண்டு. விறகடுப்பு எரிந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்: காய்ந்த விறகின் புகை, கரிபிடித்த இருட்டுச் சுவருக்கு முன்னால் நீலமாகத் தெரியும், வெளிச்சமான வாசலுக்கு நேராக அந்த நீலம் போய்விடும். லியொனார்டோ வெயிலில் கறுப்பு வெல்வெட்டுக்கும் வெள்ளைத் துணிக்கும் முன்னால் புகையை விட்டு இதைச் சோதித்தார். காற்றுக்குச் சொந்த நிறம் இல்லை, அதில் உள்ள நுண்ணிய ஈரத்துகள்கள் வெயிலை வாங்குகின்றன, பின்னால் இருட்டு இருப்பதால் நீலமாகத் தெரிகிறது என்று முடிவுகட்டினார். ஒளி சிதறல் பற்றிய கணக்கு 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. வானத்தின் நீலத்துக்கு ஈரத்தைக் காரணம் காட்டியது தவறு. ஆனால் ஓவியருக்குத் தேவையான விதி அவர் கைக்கு வந்துவிட்டது. தொலைவு கூடக் கூட இடையில் உள்ள காற்றும் கூடும், ஆகவே மலைக்கு மலை நீலம் ஏற வேண்டும்.

நீர்ச்சுழியை வரைந்த தாளில் அதைத் தலைமுடியோடு ஒப்பிட்டிருக்கிறார்: முடியில் ஓர் அசைவு அதன் எடையால் வருகிறது, மற்றொன்று சுருளும் திசையால், நீரிலும் அப்படியே. அவர் தீட்டிய சுருள்முடியெல்லாம் ஓடுவதுபோல் தோன்றுவது இதனால்தான்.

அறிந்ததை எல்லாம் காட்டலாமா?

அறுத்துப் பார்த்த ஓவியருக்கு ஓர் ஆபத்து உண்டு. தெரிந்த தசையை எல்லாம் காட்டிவிடும் ஆசை வரும். லியொனார்டோ இதைக் கடுமையாகக் கண்டித்தார். எல்லாத் தசையையும் புடைக்க வைத்தால் மனித உடல் வால்நட் கொட்டைகளை அடைத்த சாக்குபோல, முள்ளங்கிக் கட்டுபோல ஆகிவிடும் என்றார். எந்த அசைவில் எது வேலை செய்கிறதோ அது மட்டும் எழ வேண்டும், மற்றவை அடங்கியிருக்க வேண்டும். ஜெரோமிடம் திரும்பி வாருங்கள். கல்லை ஏந்திய கை, மேலே திரும்பிய தலை. அந்தத் திருப்பத்தைத் தாங்கும் கழுத்துத்தசை மட்டும்தான் அங்கே உரத்துப் பேசுகிறது. எதைக் காட்டாமல் விடலாம் என்று தெரிவதற்கு அத்தனையையும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் ஒரு விலை இருந்தது. மிலானில் சாந்தா மரியா தெல்லே கிராட்சியே மடத்தின் உணவறைச் சுவரில் 1495இலிருந்து 1498 வரை 'இறுதி இராவுணவை'த் தீட்டினார். சுவரோவியம் என்றால் ஈரச்சுதை காய்வதற்குள் அன்றைய பகுதியை அன்றே முடித்தாக வேண்டும். அப்போதுதான் வண்ணம் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும். லியொனார்டோவின் கண்ணுக்கு அந்த அவசரம் ஒத்துவரவில்லை. விடியலிலிருந்து அந்தி வரை சோறுதண்ணி மறந்து தீட்டுவார். சில நாள் தூரிகையைத் தொடாமல் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே நிற்பார். சில நாள் உச்சி வெயிலில் வந்து ஒன்றிரண்டு தீற்று தீற்றிவிட்டுப் போய்விடுவார். அருகிலிருந்து கண்ட, பின்னாளில் கதாசிரியரான மத்தேயோ பந்தெல்லோ எழுதிவைத்தது இது. நிதானமாகத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காக, காய்ந்த சுவரில் முட்டைக்கருவும் எண்ணெயும் கலந்த வண்ணத்தால் தீட்டினார். அது சுவரைப் பற்றவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போதே உதிரத் தொடங்கியது. 1566இல் அதைப் பார்த்த, ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரிக்கு வெறும் கறைகள்தான் தெரிந்தன. 1978இல் தொடங்கிய கடைசிச் சீரமைப்பு 1999 வரை இழுத்தது.

அவர் எந்த அளவுக்குக் கண்ணை நம்பினாரோ, அந்த அளவுக்குச் சுண்ணாம்பை அறிந்துகொண்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனாலும் ஈரச்சுதையில் அந்த முகங்களைத் தீட்டியிருந்தால், 'உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்' என்ற இயேசுவின் சொல் அறைக்குள் விழுந்து பன்னிரண்டு சீடரிடமும் வெவ்வேறாக அதிர்வதை அவர் அப்படிப் பிடித்திருக்க முடியுமா? முகம் மனத்தை எப்படிக் காட்டுகிறது என்பதைத் தெருவில் பார்த்துப் பார்த்துக் கற்றவர் அவர். பேச்சு இல்லாதவர்களின் கைச்சைகையைப் பார்த்துப் படியுங்கள், இடுப்பில் சின்ன நோட்டோடு திரியுங்கள் என்று இளம் ஓவியர்களுக்குச் சொன்னார்.

பலகை போன வழி

1517 அக்டோபரில், பிரான்ஸின் அம்புவாஸ் நகரில், ஒரு கார்டினலும் அவருடைய செயலர் அந்தோனியோ தெ பேயாத்திஸும் முதிய லியொனார்டோவைச் சந்தித்தார்கள். அவர் மூன்று ஓவியங்களைக் காட்டினார்: ஃப்ளோரன்ஸ் பெண் ஒருத்தியின் உருவம், இளைஞரான திருமுழுக்கு யோவான், தாய் அன்னாவின் மடியில் மரியாளும், அவளுடைய குழந்தை இயேசுவும். ஆண்டுகளாகக் கையோடு கொண்டுவந்தவை; யாரிடமும் ஒப்படைக்காதவை. 1519 மே 2இல் இறந்தபோது நோட்டுகளும் வரைவுகளும் சீடர் ஃபிரான்செஸ்கோ மெல்சியிடம் போயின. இன்று எஞ்சியிருப்பவை 7,000 பக்கங்களுக்கு மேல்.

ஜெரோமைப் பற்றி இந்த ஆண்டுகளில் தகவலே இல்லை. பலகையை யாரோ அறுத்தார்கள், தலையைத் தனியாகவே வெட்டி எடுத்தார்கள். ரோம் நகரில் ஒரு துண்டு பெட்டி மூடியாகவும், தலை இருந்த துண்டு செருப்புத் தைப்பவரின் முக்காலியாகவும் கிடந்ததை நெப்போலியனின் மாமா கார்டினல் ஃபெஷ் கண்டெடுத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. 1856இல் போப் ஒன்பதாம் பத்திநாதர் அதை வத்திக்கானுக்காக வாங்கினார். ஒட்டிய வெட்டுகள் தலையைச் சுற்றி இன்றும் தெரியும்.

மேல் இடது பக்கத்து நிலக்காட்சியில் வண்ணத்தைத் தூரிகையால் தடவாமல் விரலால் ஒத்தி எடுத்திருக்கிறார் லியொனார்டோ. அந்த விரல் தடங்கள் அப்படியே இருக்கின்றன. கீழே சிங்கம் இன்னும் கோடாகவே படுத்திருக்கிறது.